தனித்து நிற்கும் மின்வலைகளும் அவற்றைத் தாங்கும் திசைமாற்றிகளும்

கூரையில் சூரியத் தகடுகள் பொருத்திய வீடு ஒன்றில், சித்திரை வெயில் கொளுத்தும் நண்பகலில், தெருவின் மின்வழங்கல் நின்றுபோகிறது என்று கொள்வோம். வெயிலுக்குக் குறைவில்லை, தகடுகளும் பழுதுபடவில்லை. ஆயினும் கூரைச் சூரிய அமைப்பு உடனே செயலற்றுப் போகும். மாடிப்படிக்கு அடியில் ஈய அமில மின்கலத்தோடு இருக்கும் பழைய இன்வெர்ட்டரோ விளக்கையும் விசிறியையும் தடையின்றி இயக்கிக்கொண்டிருக்கும். இரண்டும் திசைமாற்றிகளே. நேர்திசை மின்னோட்டத்தை வாங்கி மாறுதிசை மின்னோட்டமாகத் தருவதே இரண்டின் தொழிலும். உள்ளிருக்கும் மின்னணு உறுப்புகளிலும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. வேற்றுமை எல்லாம் கட்டுப்பாட்டு நெறியில் இருக்கிறது. முன்னது பிறர் எழுப்பிய அலையைப் பின்பற்றி நடப்பது; பின்னது அலையைத் தானே எழுப்புவது.

சூரிய ஒளியும் காற்றும் மின்கலமும் சேர்ந்து ஒரு தீவையோ சிற்றூரையோ மருத்துவமனை வளாகத்தையோ தாங்கி நிற்கும் நுண்மின்வலைகள் பெருகிவரும் இந்நாளில், அவற்றின் நிலைப்பையும் வீழ்ச்சியையும் முடிவுசெய்வது பெரும்பாலும் இந்த ஒரு வேற்றுமையே. நுண்மின்வலைக்கு இரட்டைக் கடமை உண்டு. பெருமின்வலையோடு இணைந்திருக்கும்போது அதற்கு அடங்கி நடக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் அந்தக் கணமே தன் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் தானே காக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் லாசெட்டரும் உடன் உழைத்தவர்களும் 2002ஆம் ஆண்டில் இக்கருத்தை முறைப்பட முன்வைத்தபோது, இந்த இருநிலை வாழ்வே அதன் மையமாக இருந்தது.

முதலில் பெருமின்வலையின் இயல்பைப் பார்ப்போம். நம் நாட்டு மின்வலையில் மின்னழுத்த அலை நொடிக்கு 50 சுழற்சிகளை முடிக்கிறது; அதாவது அதன் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். இந்த அலையை இதுநாள்வரை எழுப்பிவந்தவை அனல், நீர், அணுமின் நிலையங்களில் சுழலும் ஒத்தியங்கு மின்னாக்கிகள். இருமுனை மின்னாக்கி ஒன்றின் சுழலி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அதன் எடை பல பத்து டன். எங்கோ ஒரு பெரிய சுமை திடீரென்று இணைக்கப்படும்போது, நீராவி வால்வு திறப்பதற்கு முன்பே, சுழலும் அந்தப் பொருண்மை தன்னிடமுள்ள இயக்க ஆற்றலிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த அளவுக்கு அதன் வேகம் சற்றே குறைகிறது, அலைவெண்ணும் குறைகிறது. இதனை நிலைமம் என்கிறோம். எவரும் கட்டளையிடாமலே, எந்தக் கணிப்பொறியும் கணக்கிடாமலே நிகழும் இயற்பியல் உதவி இது. அடுத்த சில நொடிகளில் வேகச்சீராக்கி விழித்துக்கொண்டு நீராவியைக் கூட்டும்.

திசைமாற்றியில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. அதன் நேர்திசைப் பக்கத்து மின்தேக்கியில் உள்ள ஆற்றல் சில மில்லி நொடிகளுக்கே போதும். மின்னணு ஆளிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, துடிப்புகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓர் அலைவடிவத்தைச் செதுக்குகின்றன. மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி அதனை வழவழப்பாக்கி வெளியே அனுப்புகிறது. எனவே திசைமாற்றிக்கு இயற்கையான நடத்தை என்று ஒன்று இல்லை. அதன் நுண்செயலியில் நாம் என்ன நெறியை எழுதுகிறோமோ அதுவே அதன் இயல்பு. இது பெரும் உரிமை. அதே அளவு பெரும் பொறுப்பும்கூட.

இன்று கூரைகளிலும் சூரியப் பூங்காக்களிலும் உள்ள திசைமாற்றிகளில் மிகப் பெரும்பாலானவை பின்பற்றும் வகையைச் சேர்ந்தவை. இணைப்பு முனையில் மின்னழுத்தத்தை இடைவிடாது அளந்து, அலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிப்பது இவற்றின் முதல் வேலை. கட்டப்பூட்டுச் சுற்று அதனைச் செய்கிறது. கட்டம் தெரிந்தபின், அதற்கு இசைந்த மின்னோட்டத்தை வலைக்குள் செலுத்துகின்றன. இங்கே 1929ஆம் ஆண்டில் ராபர்ட் பார்க் வெளியிட்ட கணித மாற்றம் ஒன்று கைகொடுக்கிறது. மூன்று கட்டங்களிலும் ஏறி இறங்கும் மின்னோட்டங்களை, அலையோடு சேர்ந்து சுழலும் ஓர் அச்சிலிருந்து பார்த்தால் அவை அசையாத இரண்டு எண்களாகிவிடும். ஓர் எண், கருவிகளில் வேலையாக மாறும் மெய்த்திறனை ஆள்கிறது. மற்றது, வேலையாக மாறாமல் வலைக்கும் கருவிகளுக்கும் இடையே ஊசலாடும் எதிர்வினைத் திறனை ஆள்கிறது. நிலையான எண்ணைக் கட்டுப்படுத்துவது எளிது. சுழலும் மின்னாக்கிகளை ஆராய்வதற்காகப் பிறந்த கணிதம், சுழற்சியே இல்லாத கருவிக்குள் இன்று நொடிதோறும் பல்லாயிரம் முறை கணக்கிடப்படுகிறது என்பது வியந்து போற்றத்தக்கது.

பின்பற்றும் வகையை நான் குறைத்துப் பேசவில்லை. வலுவான மின்வலையில் அது சிறந்த ஊழியன். கிடைக்கும் வெயிலை எல்லாம் வீணாக்காமல் வலைக்குத் தருகிறது. ஆனால் அதன் கண் கலங்கும் இடமும் உண்டு. 2016 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் ‘புளூ கட்’ காட்டுத்தீ 500 கிலோவோல்ட் மின்தடங்களின்கீழ் பரவியது. புகையினால் தடங்களில் குறுக்குச்சுற்றுகள் நேர்ந்தன. பாதுகாப்புக் கருவிகள் முறையாகவே அவற்றை நீக்கின. ஆயினும் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்னாக்கம் அறுந்துபோயிற்று. பின்னர் ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. குறுக்குச்சுற்றின் கணத்தில் அலைவடிவம் சிதைய, பல திசைமாற்றிகள் அலைவெண் 57 ஹெர்ட்சுக்குக் கீழே வீழ்ந்துவிட்டதாகக் கணித்துத் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன. மெய்யான அலைவெண்ணோ அந்நாட்டு இயல்பளவான 60ஐ ஒட்டியே இருந்தது. அலை சிதைந்த ஒரு நொடிப்பகுதியைக் கண்டு அளவை நெறி தவறாக முடிவுசெய்தது. அதன் விளைவு ஒரு பெரிய அனல்மின் நிலையம் அணைந்ததற்கு ஒப்பாயிற்று.

பின்பற்றும் திசைமாற்றிக்கு இன்னொரு கடமையும் விதிக்கப்பட்டுள்ளது. பெருமின்வலை அறுந்தால் அது நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது, எங்கோ ஒரு கூரையிலிருந்து மின்னோட்டம் பாய்ந்து வரலாகாது. ஆகவே அறியாமல் தீவாகிப்போன பகுதியை இரண்டு நொடிக்குள் கண்டறிந்து மின்னூட்டத்தை நிறுத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1547 தரநிலை வகுத்தது. முதலில் நாம் கண்ட வீட்டில் சூரிய அமைப்பு அடங்கிப்போனதன் காரணம் இதுவே. நுண்மின்வலையில் இதற்கு மாற்றாக ஓர் ஏற்பாடு உண்டு. பொது இணைப்பு முனையில் உள்ள ஆளி பெருமின்வலையை முற்றாகப் பிரித்துவிடும். வெளியே இருப்போருக்கு இடர் இல்லை. உள்ளே வாழ்வு தொடர வேண்டும். தொடர வேண்டுமானால் அலையை எழுப்ப ஒருவர் வேண்டும்.

உருவாக்கும் வகைத் திசைமாற்றி இங்கேதான் வருகிறது. அது மின்னோட்டத்தைச் செலுத்துவதைத் தன் முதல் நோக்கமாகக் கொள்வதில்லை. மின்னழுத்த அலையை நிலைநிறுத்துவதையே கொள்கிறது. சுமை எவ்வளவு மின்னோட்டத்தைக் கேட்கிறதோ அதனைத் தன் எல்லைக்குள் கொடுக்கிறது. ஒரே திசைமாற்றி உள்ள வீட்டில் இது எளிது. சிக்கல், இரண்டு மூன்று திசைமாற்றிகள் ஒரே வலையில் அலை எழுப்ப முற்படும்போது தொடங்குகிறது. அவற்றின் அலைகளுக்கிடையே கட்டத்தில் சிறு பிறழ்வு இருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். எல்லாவற்றுக்கும் கம்பி இழுத்து ஒரு மையக் கட்டளை கொடுக்கலாம். அந்தக் கம்பி அறுந்தால் வலையே வீழும்.

1993ஆம் ஆண்டில் முகுல் சந்தோர்க்கர், தீபக் திவான், அடாப்பா ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு அழகிய விடை தந்தது. சந்தோர்க்கர் பின்னாளில் மும்பை ஐஐடியில் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவர்கள் பயன்படுத்திய நெறி பழைய மின்னாக்கிகளிடமிருந்து கற்றது. ஒவ்வொரு திசைமாற்றியும் தான் கொடுக்கும் மெய்த்திறன் கூடக்கூடத் தன் அலைவெண்ணைச் சற்றே தாழ்த்திக்கொள்ள வேண்டும். இதனைச் சரிவு முறை என்கிறோம். திருவிழாவில் தேர்வடம் பிடிப்போரை எண்ணிப் பாருங்கள். தேர் மேட்டில் ஏறித் தயங்கும்போது, முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் வடத்தின் இறுக்கமே செய்தியைச் சொல்லிவிடுகிறது; ஒவ்வொருவரும் தம் வலுவுக்கேற்பக் கூடுதலாக இழுக்கிறார்கள். மின்வலையில் அந்த வடம் அலைவெண்.

ஒரு கணக்கை நெருங்கிப் பார்த்தால் இதன் நேர்த்தி விளங்கும். ஒரு நுண்மின்வலையில் 100 கிலோவாட் திசைமாற்றி ஒன்றும் 50 கிலோவாட் திசைமாற்றி ஒன்றும் உள்ளன. சுமையின்றி இருக்கையில் இரண்டும் 50 ஹெர்ட்சில் இயங்கும், முழுச்சுமையில் 49.5க்கு இறங்கும்படி இரண்டிலும் சரிவு எழுதப்பட்டுள்ளது. இப்போது ஊரின் தேவை 90 கிலோவாட். நிலைபெற்ற வலையில் இரண்டுக்கும் அலைவெண் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டும் தம் வலுவில் ஒரே விழுக்காட்டைக் கொடுக்கும் புள்ளியிலேயே அமைதி கொள்ளும்: பெரியது 60, சிறியது 30 கிலோவாட். அலைவெண் 49.7. இடையே ஒரு செய்திக்கம்பிகூட இல்லை. ஒன்றின் இருப்பை மற்றொன்று அறியாது. பங்கீடு மட்டும் பிழையின்றி முடிந்துவிட்டது.

எதிர்வினைத் திறனுக்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அதனைப் பகிர, அலைவெண்ணுக்குப் பதில் மின்னழுத்தத்தின் வீச்சைச் சரிய விடுகிறோம். ஆனால் அலைவெண் வலை முழுதும் ஒன்று. மின்னழுத்தமோ இடத்துக்கு இடம் வேறு. சுமைக்கு அருகில் உள்ள திசைமாற்றி மிகுதியாகச் சுமக்கும், தொலைவில் உள்ளது தப்பித்துக்கொள்ளும். மேலும், உயர் அழுத்தத் தடங்களில் மின்தூண்டல் மிகுதி. சரிவு முறையின் கணக்கு அதனை நம்பியே எழுதப்பட்டது. சிற்றூர்களின் தாழ் அழுத்தத் தடங்களில் மின்தடையே மிகுதி. அங்கே மெய்த்திறனும் எதிர்வினைத் திறனும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பொறியாளர்கள் இதற்கு ஒரு மாற்று கண்டனர். திசைமாற்றிக்கும் தடத்துக்கும் இடையே ஒரு மின்தூண்டி இருப்பதுபோல் நடந்துகொள்ளும்படி நெறியிலேயே எழுதிவிட்டனர். செம்பும் இரும்பும் இல்லாத, கணக்கில் மட்டும் வாழும் அந்த மின்தூண்டி மெய்யான மின்தூண்டியைப் போலவே பணி செய்கிறது.

49.7இல் நின்றுவிட்ட அலைவெண்ணை 50க்கு மீட்க வேண்டும் அல்லவா? அதற்கு மேலே இன்னோர் அடுக்கு உண்டு. சரிவு முறை மில்லி நொடிகளில் முடிவெடுக்கும். இரண்டாம் அடுக்கு சில நொடிகளில் மெல்ல அலைவெண்ணையும் மின்னழுத்தத்தையும் உரிய அளவுக்கு ஏற்றும். மூன்றாம் அடுக்கு, எப்போது மின்கலத்தை நிரப்புவது, எப்போது பெருமின்வலைக்கு விற்பது என்று பொருளாதாரம் பார்க்கும். மேல் அடுக்குகளுக்குச் செய்தித்தொடர்பு தேவை. அது அறுந்தாலும் கீழ் அடுக்கு ஊரைக் காத்து நிற்கும். இந்த அடுக்குமுறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

சுழலும் மின்னாக்கியின் சமன்பாடுகளையே நுண்செயலியில் எழுதி, திசைமாற்றியை ஒரு மாய மின்னாக்கியாக நடிக்கவைக்கும் நெறியும் உண்டு. ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் பெக், ஹெஸ்ஸே இருவரும் 2007இல் இதனை முன்வைத்தனர். சோங், வைஸ் இருவரின் 2011ஆம் ஆண்டு ஆய்வுரை இதனை மேலும் செம்மைப்படுத்தியது. இங்கே நிலைமம் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் ஓர் எண். ஆனால் எண்ணை எழுதிவிட்டால் ஆற்றல் வந்துவிடாது. அதைக் கொடுக்க மின்கலம் பின்னால் இருக்க வேண்டும். இன்னோர் எல்லையும் உண்டு. குறுக்குச்சுற்று நேரும்போது சுழலும் மின்னாக்கி தன் இயல்பளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைப் பாய்ச்சும்; குறைகடத்தி ஆளிகளோ ஏறத்தாழ 1.2 மடங்குக்கு மேல் தாங்கா. மிகை மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் பழைய பாதுகாப்புக் கருவிகள், தனித்து இயங்கும் நுண்மின்வலையில் பழுதையே உணராமல் இருந்துவிடக்கூடும். இதனை எண்ணாமல் நுண்மின்வலை அமைப்போர் நெருப்போடு விளையாடுகிறார்கள்.

இவை ஏட்டுக்கணக்கு அல்ல என்பதற்கு ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவு சான்று. தீவின் மின்வழங்கல் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சூரிய ஒளியையும் மின்கலத்தையும் உலகில் முந்திக்கொண்டு பெருமளவில் ஏற்ற வலைகளுள் அதுவும் ஒன்று. 2021 நவம்பர் 21 அன்று விடியற்காலையில் அங்கே இயங்கிக்கொண்டிருந்த மிகப் பெரிய மின்னாக்கி திடீரென அறுந்தது. வலை வீழவில்லை. ஆனால் நொடிக்கு 18 முதல் 20 முறை துடிக்கும் ஒரு வன்மையான அலைவு எழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் தீவின் மின்சாரத்தை உலுக்கியது. ஆய்வாளர்கள் தேடிச் சென்றபோது, பின்பற்றும் வகையில் இயங்கிய திசைமாற்றிகளே அந்த அலைவுக்கு ஊட்டம் கொடுத்தன என்று கண்டனர். மெலிந்த வலையில் ஒரு திசைமாற்றி செலுத்தும் மின்னோட்டமே மின்னழுத்தத்தை அசைக்கிறது. அசைந்த மின்னழுத்தத்தை அளந்து அது மறுபடியும் தன் மின்னோட்டத்தை மாற்றுகிறது. தான் எழுப்பிய அசைவைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

அதன்பின் உருவாக்கும் வகை நெறி அங்கே விரிவாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 2 அன்று பிற்பகலில் அதே மின்னாக்கி மீண்டும் அறுந்தது. அப்போது தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அது கொடுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான வலை எதுவும் இத்தகைய அடியைத் தாங்காது. கவாய் தாங்கியது, அந்த அலைவும் எழவில்லை. ஒரே தீவு, ஒரே மின்னாக்கி. இடையில் நேர்ந்த பெரிய மாற்றம் திசைமாற்றிகளுக்குள் எழுதப்பட்ட நெறி. பொறியியலில் இத்தனை தெளிவான ஒப்பீடு அரிதாகவே வாய்க்கும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில், நீண்டு செல்லும் ஒற்றை மின்தடத்தின் கடைக்கோடியில் உள்ள டால்ரிம்பிள் துணைமின்நிலையத்தில் 2018இல் ஒரு மின்கலத் தொகுதி அமைக்கப்பட்டது. அதன் வலு 30 மெகாவாட். சேமிப்பு 8 மெகாவாட் மணி மட்டுமே. முழு வலுவில் கொடுத்தால் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனினும் தடம் அறுந்தால் அது அலையை எழுப்பி நிறுத்தும். அந்த அலையைப் பற்றிக்கொண்டு அருகிலுள்ள வாட்டில் பாயிண்ட் காற்றாலைகள் தொடர்ந்து சுழலும். ஊர்கள் ஒளியோடு இருக்கும். மின்கலத்தின் பெரும்பணி அங்கே ஆற்றலைச் சேமித்து வைப்பதைவிட அலையைத் தாங்கிப் பிடிப்பதுதான்.

நுண்மின்வலை பிரிந்து தனித்து நிற்கும் தீவுநிலையில் எதிர்மாறான இடரும் உண்டு. மின்கலம் நிரம்பிவிட்டது, வெயிலோ குறையவில்லை. மிகுதியை எங்கே கொட்டுவது? சிறிய நுண்மின்வலைகளில் இதற்கு எளிய வழி கையாளப்படுகிறது. அலையை எழுப்பும் மின்கலத் திசைமாற்றி வேண்டுமென்றே அலைவெண்ணைச் சிறிது உயர்த்தும். அதைக் கண்ட சூரியத் திசைமாற்றிகள் படிப்படியாகத் தம் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ‘படிப்படியாக’ என்பதே உயிரான சொல். ஜெர்மனியில் முன்பு எல்லாக் கூரைத் திசைமாற்றிகளும் 50.2 ஹெர்ட்சைத் தொட்டவுடன் ஒருசேர அணையும்படி அமைக்கப்பட்டிருந்தன. பல ஆயிரம் மெகாவாட் ஒரே கணத்தில் அறுந்துபோகும் இடர் அதில் ஒளிந்திருந்தது. 2012இல் தனி ஆணை பிறப்பித்து, இலட்சக்கணக்கான நிலையங்களில் அந்த அமைப்பை மாற்றவேண்டி வந்தது.

பிரிந்த வலை மீண்டும் சேரும் கணமும் எச்சரிக்கைக்குரியது. பெருமின்வலை திரும்பிவிட்டது என்பதற்காக ஆளியை உடனே மூடிவிடலாகாது. இருபுறத்து மின்னழுத்தத்தின் வீச்சு, அலைவெண், கட்டம் ஆகிய மூன்றும் ஒன்றும்வரை நுண்மின்வலையின் திசைமாற்றிகள் தம் அலையை மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டும். கட்டம் எதிராக இருக்கையில் மூடினால் ஆளிகள் கருகும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்தொடர்பில் பட்டு ஏற்பட்ட பழுது, இலங்கைத் தீவு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பொறிகளும் அறுந்தன. அவை மீளாததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. குரங்கைப் பற்றியே செய்திகள் பேசின. இலங்கை மின்சார சபை சுட்டிய காரணமோ கவனிக்கத்தக்கது: விடுமுறை நாளில் தேவை குறைவு, சூரிய மின்னாக்கம் மிகுதி, ஆகவே இயங்கிய சுழலும் மின்னாக்கிகள் சிலவே, வலையின் நிலைமம் மெலிந்திருந்தது. சூரிய ஒளியின்மீது பழி போடுவது தவறான பாடம். பின்பற்றும் திசைமாற்றிகளை மட்டும் பெருக்கி, அலையைத் தாங்குவோரைச் சேர்க்காமல் விட்டதே குறை.

அதே நாட்டில், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் டீசல் மின்னாக்கிகளை நம்பி வாழ்ந்துவந்தவை. அவற்றுக்குச் சூரியமும் காற்றும் மின்கலமும் சேர்ந்த கலப்பு மின்னமைப்புகளை இந்திய நன்கொடையில் நிறுவ 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்று தீவுகளுக்குமாகச் சூரியம் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், மின்கலம் 2,400 கிலோவாட் மணி, துணைநிற்க டீசல் 2,500 கிலோவாட். இத்தகைய தீவுகளில் மின்கலத் திசைமாற்றி அலையை உருவாக்கும் வகையாக அமைந்தால் டீசல் பொறியை முற்றாக அணைத்துவிடலாம். பின்பற்றும் வகையாக அமைந்தால், தலைக்கு மேலே வெயில் காய்ந்தாலும், அலைக்காக மட்டுமே ஒரு டீசல் பொறி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எரிபொருள் படகில் வரும் ஊருக்கு இந்த வேற்றுமை எத்தனை பெரிது என்பதைத் தீவுமக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

தமிழகத்திலும் இலங்கையிலும் மின்கலத் தொகுதிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிகளும் பொறியாளர்களும் ஆவணத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறேன். மின்கலத் திசைமாற்றி அலையை உருவாக்கும் வகையாக இருக்க வேண்டும். அதன் கட்டுப்பாட்டு நெறியின் கணிப்பொறி மாதிரியை வழங்குநர் வலை இயக்குநரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏற்புச் சோதனையின்போது, மெய்யான சுமை ஓடிக்கொண்டிருக்கையில், பெருமின்வலையின் இணைப்பையோ டீசல் பொறியையோ அறுத்துக் காட்ட வேண்டும். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் மட்டுமே பணத்தைக் கொடுங்கள்.